யாருடைய வைரஸ்?

சற்குணம் இருபத்தாறு வருஷம் கால்நடை மருத்துவராக இருந்தவர். கோழிக்கும் பூனைக்கும் மாட்டுக்கும் ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் ரெட்ரோ வைரஸ்களை அவருக்கு நன்றாகத் தெரியும். மனிதனுக்கு மட்டும் அப்படி ஒன்று கிடையாதா என்ற கேள்வி அவரை விடவில்லை. ஐம்பத்திரண்டாவது வயதில் வேலையை உதறிவிட்டு, தன்னைவிடப் பதினொரு வயது இளையவரான பேராசிரியர் மெஹருன்னிசாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அது 1977.

முதல் நாளே கேட்டார். "மனிதனுக்கும் இருக்கிறதா, மேடம்?"

"கண்டுபிடித்துவிட்டதாகப் பலபேர் எழுதிவிட்டார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை. நீங்களும் தேடிப் பாருங்கள், டாக்டர்."

தேடினார். நோயாளிகளின் வெள்ளை அணுக்களைக் குடுவையில் வளர்ப்பார். ரெட்ரோ வைரஸுக்கே உரிய நொதி தென்படுகிறதா என்று பார்ப்பார். இரண்டு வருஷம் ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு லாரி ஓட்டுநரின் அணுக்களில் அந்த நொதி ஏகத்துக்கும் இருந்தது. சற்குணம் மூன்று தடவை அளந்து பார்த்தார். பிறகு கடைத்தெருவுக்குப் போய் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார்.

மெஹருன்னிசா ஜாங்கிரியை ரசித்துச் சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பக்கத்துக் குடுவையில் என்ன வளர்கிறது?"

"கிப்பன் குரங்கின் செல்கள். ரத்தப் புற்றுநோய் வைரஸ் உள்ளவை."

"அதே அறையிலா?"

"அதே அறையில்தான்" என்றார் சற்குணம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மெஹருன்னிசா குளிர்பெட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். குரங்கு வைரஸைக் கண்டால் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி அதில் இருந்தது.

"வெள்ளிக்கிழமை கருத்தரங்கு, மேடம். தலைப்பைக்கூடக் கொடுத்துவிட்டேன்."

"அதற்குள் தெரிந்துவிடும்."

வியாழக்கிழமை தெரிந்துவிட்டது. ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொண்டது.

"என் பேரை எடுத்துவிடச் சொல்லட்டுமா?"

"எதற்கு? தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்."

மறுநாள் சற்குணம் மேடையேறினார். "மனித வைரஸைப் பிடித்துவிட்டேன் என்று ஜாங்கிரி வாங்கினேன். பிடிபட்டது குரங்கு வைரஸ்" என்றார்.

அரங்கமே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எந்த இடத்தில் ஏமாந்தோம், எப்படித் தெரிந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். "எங்கள் அறையிலும் குரங்கு செல்கள் வளர்கின்றன. திங்கட்கிழமை ஒரு கட்டுரை அனுப்பவிருந்தேன். இப்போது அனுப்பப் போவதில்லை. நன்றி, சார்."

திரும்பி வரும்போது பேருந்தில் கூட்டமில்லை. சற்குணம் மெஹருன்னிசாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"உலகத்தில் இத்தனை பேர் தேடிவிட்டார்கள், மேடம். மனிதனுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாமா?"

"இந்த ஊருக்கு வந்த புதிதில் என் மாமி வீட்டைத் தேடிப் போனேன். மழையில் நனைந்து விலாசம் அழிந்துவிட்டது. தெருப்பேர் மட்டும்தான் ஞாபகம். ஏழு வீட்டுக் கதவைத் தட்டினேன்."

"என்ன சொன்னார்கள்?"

"ஏழு வீட்டிலும் ஒரே பதில்தான். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள்."

"திரும்பிவிட்டீர்களா?"

"ஏன் திரும்ப வேண்டும்? இங்கே இல்லை என்றுதானே சொன்னார்கள்."