சிவப்புத் துணி கட்டிய சுரைக்காய்

"எங்க தோட்டத்துல விளையறதை என் மகளே சாப்பிட மாட்டேங்கிறாம்மா," என்றான் அறவாழி.

தவமணியம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அவருக்கு அறவாழியைவிட நாலைந்து வயது குறைவுதான். ஆனாலும் அந்தப் புறநகரில் தோட்டம் போட்டவர்கள் எல்லாரும் மனசு சரியில்லை என்றால் அவரிடம்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

அறவாழி நல்ல மனுஷன். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு கிரவுண்டு மனையில் வீடு போக மிச்ச இடமெல்லாம் பாத்தி கட்டி வைத்திருந்தான். அரிசி, பருப்பு, எண்ணெய் தவிர எதையும் கடையில் வாங்குவதில்லை என்று சபதம் வேறு. மனைவி மங்கையும் மகள் நறுமுகையும் சரி என்றுதான் தலையாட்டினார்கள். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"எட்டு வயசுப் பிள்ளைம்மா. ரத்தம் குறைஞ்சு போச்சுங்கிறார் டாக்டர். பள்ளிக்கூடத்துல பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. தட்டுல எதை வெச்சாலும் ரெண்டு வாய், அதோட சரி."

"திட்டினீங்களா?"

"திட்டினேன். கெஞ்சினேன். ஒருநாள் கையை ஓங்கிட்டேன்."

அதைச் சொல்லிவிட்டு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"மங்கை பெட்டி கட்டி வெச்சிருக்கா. நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறாளாம். இனி வரமாட்டாளாம். அவங்க இல்லாம நான் யாருக்கும்மா கொத்தணும்? எனக்கு ஒண்ணும் புரியல. மனசு விட்டுப் போச்சு."

தவமணியம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்.

"எனக்கும் பசிக்குது. வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

மங்கை அவரை வாங்க என்றாள். புருஷன் பக்கம் திரும்பவில்லை. கூடத்தில் நறுமுகை வெறுந்தரையில் சுருண்டு கிடந்தாள்.

அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு. தவமணியம்மா மூடியைத் திறந்து கரண்டியால் கிளறினார். சொத்தையை அரிந்து எறிந்தது போக, காய் என்று பேருக்குத்தான் கிடந்தது. மூடிவிட்டார்.

"தோட்டத்தைக் காட்டுங்க."

தோட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பந்தல் நிறையச் சுரை. வெண்டை வரிசையாக நின்றது. கத்தரிச் செடிகள் காய் தாங்காமல் சாய்ந்திருந்தன. பார்த்த இடமெல்லாம் காம்பில் சிவப்புத் துணி.

"இது என்ன துணி?"

"விதைக்கு விட்டதும்மா. இருக்கறதுலேயே நல்லதாப் பார்த்துப் பிஞ்சுலேயே கட்டிடுவேன். முத்திக் காயற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"கொடிக்கு ஒண்ணு விட்டாப் போதுமே."

"போன வருஷம் அந்த ஒண்ணும் அழுகிப்போச்சு. விதையில்லாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை தாங்காதும்மா."

"துணி கட்டாதது?"

"அது நமக்கு."

அவன் காட்டினான். கோணிப்போனது, பூச்சி துளைத்தது, வெம்பினது.

தவமணியம்மா பந்தலுக்கு அடியில் போனார். துணி கட்டிய ஒரு சுரைக்காயை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நல்ல இளசு. ஒரே திருகு.

அறவாழி பதறி ஓடிவந்தான். "அம்மா, அது..." என்று கையை நீட்டினான்.

அவர் காதிலேயே வாங்கவில்லை. காயைக் கொண்டுபோய் மங்கை கையில் கொடுத்தார்.

"கூட்டு வைம்மா. நாலு பேருக்கும்."

மங்கை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொத்தையில்லாத ஒரு காயை அரிந்து அவளுக்கு எத்தனை காலமாயிற்றோ. அப்புறம் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தாளித்த வாசனை வந்ததும் நறுமுகை எழுந்து உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடாமலே அடுக்களை வாசலுக்கு வந்தாள். பாவி மனுஷன், அதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கீழே கிடந்த காம்பையும் துணியையும் அவள் பார்த்தாள்.

"அம்மா, இது விதைக்காய்தானே?"

"இல்லடி தங்கம். நமக்குத்தான். உட்காரு," என்றாள் மங்கை.

தட்டு வைத்தார்கள். சோறு, அதன்மேல் ஆவி பறக்கிற கூட்டு. மற்ற மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நறுமுகை வாயில் வைக்கவில்லை. குனிந்து விரலால் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாம்மா?" அறவாழிக்கு ஆற்றாமை பொங்கியது. "இதைத்தான் சொன்னேன். பொன்னாட்டம் வளர்த்த காயி. இதையும்..."

"பேசாம பாருங்க," என்றார் தவமணியம்மா.

அவன் பார்த்தான்.

பிள்ளை எச்சிலை விழுங்கிக்கொண்டே, வெந்த சுரைத் துண்டுகளைப் பிட்டு, உள்ளே இருந்த பிஞ்சு விதைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கவுன் ஓரத்தில் துடைத்தாள். தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். ஒன்று நழுவிச் சோற்றில் விழுந்தது. பயந்துபோய் அவசரமாகத் தேடி எடுத்தாள்.

கடைசி விதையையும் வைத்தபிறகு நிமிர்ந்து அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"விதையெல்லாம் எடுத்துட்டேன்ப்பா. மிச்சத்தை நான் சாப்பிடலாமா?"