எந்தத் தோட்டா தூரம் போகும்?

நொச்சிக்குறிச்சி சமஸ்தானத்துப் படையில் நாங்கள் ஏழு பேர். எட்டாவதாகவும் ஒருவர் இருந்தார். அவர் திடீரென்று கேள்வி கேட்க ஆரம்பித்ததால், உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். என் பெயர் இருளப்பன். பதினோரு வருஷமாகச் சிப்பாய். எனக்கு வேறு வேலை தெரியாது. இந்த வேலையும் தெரியாது. ஆனால் எங்கள் படையில் அது யார் கண்ணுக்கும் பட்டதில்லை.

அதற்குக் காரணம் எங்கள் வழக்கம். வேலையில் சேரும்போது ஆளுக்கு ஒரு துப்பாக்கியும் பத்துத் தோட்டாக்களும் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பத்தையும் புளி போட்டுத் துலக்கித் தளவாய் வீரபாகுவிடம் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலை போய்விடும். ஆகவே நாங்கள் யாரும் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. துப்பாக்கிக்குள் போட்டுப் பார்ப்போம், பத்திரமாக எடுத்துவிடுவோம். என்னுடைய பத்தும் பளபளவென்று இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது வெளியூர் வியாபாரி ஒருவர் மகாராஜாவுக்கு ஒரு பெட்டி புதுத் தோட்டா கொண்டுவந்து கொடுத்தார். பழையதைவிட மெல்லிசு, எடையும் பாதி, ஒரு சிப்பாய் இரண்டு மடங்கு சுமக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகாராஜா தளவாயைக் கூப்பிட்டார்.

"பழசே போதுமா, புதுசுக்கு மாறணுமா? எது அதிக தூரம் போகுதுன்னு அளந்து வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லும். சொல்லத் தெரியலைன்னா இந்தப் படை எதுக்கு? கலைச்சுடறேன். மகாராணிக்குத் தலைவலி, அரண்மனைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்கக் கூடாது."

படை கலைந்தால் தன் தம்பியின் சுண்ணாம்புக் காளவாயில் எனக்கு இடம் இருக்கிறது என்று என் மனைவி செண்பகம் அன்றே சொல்லிவிட்டாள். மச்சினனுக்குக் கீழே, நெருப்புக்குப் பக்கத்தில். எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டா விஷயத்தில் என் அளவுக்குக் கவலைப்பட்ட சிப்பாய் எந்த நாட்டிலும் இருந்திருக்க மாட்டான்.

முதலில் எடையைப் பார்த்தோம். வியாபாரி சொன்னபடியே புதுசில் இரண்டு மடங்கு எடுத்து, சாக்கில் கட்டி, எங்களில் ஒருவனான சுடலைக்கண்ணு தலையில் ஏற்றினோம். அவன் நாலு அடி நடந்துவிட்டு நின்றான். பழைய மூட்டை எவ்வளவு கனமோ அவ்வளவுதான் இதுவும், எதற்கு மாற வேண்டும் என்று கேட்டான். பாதியைக் குறைத்தால் இலேசாகும் என்றார் தளவாய். அதற்குப் பழசிலேயே பாதியைக் குறைக்கலாமே என்றான் இன்னொரு சிப்பாயான பெரியகாளை. ஒன்றுமே கொண்டுபோகாவிட்டால் இன்னும் இலேசு என்று நான் சொன்னேன். என்னை எல்லோரும் மரியாதையோடு பார்த்தார்கள்.

அடுத்து, புதுசை எங்கள் துப்பாக்கியில் போட்டோம். பின்னால் போட்டது குழலுக்குள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்து விழுந்தது.

"இது நல்லதுதானவே," என்றான் சுடலைக்கண்ணு. "சுடாமலே வெளிய வருது. பழசு அசையக்கூட இல்லையே."

விழுந்த தூரத்தை அளந்தோம். அரை அடி. ஆனால் பெரியகாளை நியாயஸ்தன். பழசுக்கும் சமமாக ஒரு வாய்ப்புத் தர வேண்டும், துப்பாக்கியை விட்டுவிட்டு இரண்டையும் கையால் எறிந்து பார்ப்போம் என்றான். மூன்று நாள் எறிந்தோம். எறிந்தவனே ஓடிப்போய்ப் பொறுக்கி வர வேண்டும் என்று ஏற்பாடு. சுடலைக்கண்ணு எறிந்தால் புதுசு தூரம் போயிற்று. பெரியகாளை எறிந்தால் பழசு தூரம் போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் தளவாய் மண் தரையில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார்.

"தோட்டாவை மாத்த வேண்டாம்வே," என்றார் கடைசியில். "மாத்தறதுன்னா பெரியகாளை கையைத்தான் மாத்தணும்."

இதை மகாராஜாவிடம் எப்படிச் சொல்வது என்று எங்களுக்கு விளங்கவில்லை. எனக்குக் காளவாய்ப் புகை இப்போதே மூக்கில் ஏறியது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பக்கத்து ஆலங்கரைக்காரர்கள் எங்கள் குளத்து மடையைத் திறக்க ஆட்களோடு வந்திருப்பதாகச் சேதி வந்தது. மத்தியானம் மகாராஜாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். கரையின் அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் துப்பாக்கியோடு நின்றார்கள். எல்லோருக்கும் பயம். எனக்கு மட்டும் கண் வேறு எங்கோ போயிற்று. அவர்கள் துப்பாக்கிக் குழல் எங்களுடையதைவிட மெல்லிசாக இருந்தது.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தலைவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. இதைக் கொஞ்சம் உங்க துப்பாக்கியில போட்டுப் பாருங்களேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. நாங்கள் ஏழு பேரும் கைதட்டினோம். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"எங்ககிட்ட துப்பாக்கிதான் இருந்துச்சு, தோட்டா இல்லை. சும்மா மிரட்டத்தான் வந்தோம்," என்றார் அவர் தயங்கித் தயங்கி. "இது இன்னும் இருக்கா?"

பெட்டியோடு கொடுத்தேன். ஒரே ஓர் உதவி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"எங்க பக்கமா சுடுங்க அண்ணாச்சி. தூரத்தை நாங்க அளந்துக்கிடுதோம்."

நல்ல மனுஷர். எங்கள் தலைக்கு மேலே, வானத்தைப் பார்த்துத்தான் சுட்டார். பதினோரு வருஷத்தில் அந்தச் சத்தத்தை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் எனக்கு முன்னால் தளவாயின் முதுகு மட்டுமே தெரிந்தது. கடம்பன்பாறையில் மூச்சு வாங்கி நின்றபோதுதான் தளவாய்க்கு உத்தரவு ஞாபகம் வந்தது. அங்கிருந்து குளத்தங்கரைத் திருப்பம் வரை கயிறு பிடித்து அளந்துகொண்டே ஒளிந்து ஒளிந்து போனோம்.

மத்தியானம் அரண்மனையில் மகாராஜா முன்னால் தளவாய் நிமிர்ந்து நின்றார்.

"புதுத் தோட்டா ரெண்டு மைல் வந்துச்சு மகாராஜா. எங்க பின்னாடியே வந்துச்சு. நாங்க நின்னதுக்கு அப்புறம்தான் அதுவும் நின்னுச்சு."

மகாராஜா பூரித்துப்போனார். இந்தப் படையையா கலைப்பது என்று தன்னையே கடிந்துகொண்டார். பெட்டி எங்கே என்று கேட்டார். ஆலங்கரைக்காரர்களிடம் என்றோம். குளம்? அதுவும் அவர்களிடம்தான் என்றோம். மகாராஜா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஒண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்றது நியாயமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பழைய தோட்டாவையும் நம்ம துப்பாக்கியையும் அவங்ககிட்டயே கொடுத்து, அதே மாதிரி அளந்துட்டு வாங்க."

அவர் சொன்னது எங்களுக்கும் சரியாகவே பட்டது. வெளியே வந்ததும் தளவாய் எங்களை வரிசையில் நிறுத்தி ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: இந்த முறை யாரும் வயல் வழியாகக் குறுக்கே ஓடக் கூடாது, அளவு தப்பிவிடும்.