வெள்ளெருக்கம்பட்டிக்குச் சான்று தேவை

வெள்ளெருக்கம்பட்டியில் புத்திக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வீடு இருக்கிறது. பத்திரமாகவும் இருக்கிறது, ஏனென்றால் யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. இதைச் சொல்கிறவனும் அந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்தான். அதனால் கதை அங்கங்கே கால் இடறினால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த ஊர் நூலகத்தின் நூலகர் முத்திருளாண்டி. ஊரிலேயே அதிகம் படித்தவர் அவர்தான் என்பதால் ஊரின் பெரிய முட்டாள்தனங்கள் எல்லாம் அவர் தலைமையில்தான் நடக்கும். அது அவருக்கே தெரியும். யாராவது கேலி செய்தால், "நான் கொஞ்சம் கூடுதலா படிச்சுட்டேன், அதான் இப்படி" என்று ஒப்புக்கொள்வார்.

அவருடைய ஒரே மகள் செவ்வந்தி திருப்பூரில் நர்ஸ். அங்கே மருந்துக்கடை வைத்திருக்கும் நவநீதனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று, அவனுக்கும் அப்படியே. இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது பல்லடத்திலிருந்து பையனின் அப்பா தெய்வசிகாமணி போன் செய்தார். அவர் நில அளவைத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இல்லாத நிலம் நிலமே இல்லை என்பது அவர் கட்சி.

"ஏனுங்க, உங்க ஊரை இணையக் களஞ்சியத்துல தேடிப் பார்த்தனுங்க. அப்படி ஒரு ஊரே இல்லீங்களே! இல்லாத ஊர்ல பொண்ணு எடுத்துப்போட்டு நாளைக்குச் சொந்தக்காரங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றதுங்க? அதுல ஊருக்கு ஒரு பக்கம் வரட்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

இணையக் களஞ்சியம் என்பது யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிற கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் என்றால் நாமும்தானே என்று முத்திருளாண்டி உட்கார்ந்தார். "வெள்ளெருக்கம்பட்டி உலகின் தலைசிறந்த ஊர். தண்ணீர் தேன். மக்கள் தங்கம். இவ்வூர்ப் பெண்கள் பொறுமைசாலிகள், குறிப்பாக நூலகர் மகள்" என்று நாலு பக்கம் எழுதினார்.

கால் மணி நேரத்தில் நாலு பக்கமும் போய், "வெள்ளெருக்கம்பட்டி ஓர் ஊர்" என்று ஒரே ஒரு வரி நின்றது. அதன் தலையிலும் "சான்று தேவை" என்று ஒரு பட்டை. கீழே 'காவலன்' என்ற பெயரில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார். "புதுப் பயனருக்கு வணக்கம். நீங்கள் நேரில் கண்டது சான்று ஆகாது, அச்சில் வந்திருக்க வேண்டும். உங்களைச் சார்ந்ததை நீங்களே சொல்லக் கூடாது, தொடர்பில்லாத மூன்றாம் நபர் சொல்லியிருக்க வேண்டும். புகழ்ச்சி கூடாது, நடுநிலை வேண்டும். இரண்டு மாதத்துக்குள் சான்று தராவிட்டால் பக்கம் நீக்கப்படும்."

முத்திருளாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகள் வாய் திறந்து கேட்டது இந்தக் கல்யாணம் ஒன்றுதான். அது தன்னுடைய நாலு பக்கத்தால் கெட்டுப்போகுமோ என்று பயந்தார். மறுநாள் காலையில் நூலகத்துக்குத் தினமும் பேப்பர் படிக்க வரும் மூன்று பேரையும் கூட்டினார். ராக்கப்பன் மாவு மில் வைத்திருப்பவர். நல்லுச்சாமி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பவுன்தாயி வார்டு உறுப்பினர்.

"நேர்ல பாத்தது சான்று இல்லையாமே. அப்ப நம்ம கண்மாய் இருக்கா, இல்லையா?" என்று ராக்கப்பன் ஆரம்பித்தார்.

நாலு பேரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள்.

"இருக்குற மாதிரிதான் தெரியுது" என்றாள் பவுன்தாயி.

"தெரியிறது வேற தாயி, சான்று வேற" என்றார் நல்லுச்சாமி. "முப்பது வருசம் பஸ்ஸுல பாத்துருக்கேன். டிக்கெட் இல்லாதவன் கண்ணு முன்னாடி உக்காந்திருந்தாலும் கணக்குப்படி அவன் பஸ்ஸுலயே இல்ல."

சான்று கிடைக்கும்வரை எதையும் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். "சான்று தேவை" என்று சீட்டெழுதித் தண்ணீர்த் தொட்டியிலும் பஸ் நிறுத்தத்திலும் கண்மாய்க் கரையிலும் ஒட்டினார்கள். நடுநிலை என்றால் தனக்கும்தானே என்று ராக்கப்பன் தன் மில் கதவிலும் ஒன்று ஒட்டினார். மிளகாய் அரைக்க வந்த பெண்கள் அதைப் படித்துவிட்டு, மில் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கிறபோது எதற்கு வம்பு என்று பக்கத்து ஊரான மேலப்பாறைக்குப் போய்விட்டார்கள். ராக்கப்பன் உள்ளே மாவு பூசிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்து, அச்சில் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் அச்சு என்றால் பிளெக்ஸ் போர்டுதான். காதுகுத்து முதல் கருமாதி வரை எல்லாம் அதில்தான் உறுதியாகும். நாலு பேரும் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள்.

"என்ன விசேசம்ணே?" என்று கடைக்காரர் கேட்டார்.

"விசேசம் ஒண்ணுமில்ல. ஊர் இருக்குன்னு போடணும்."

"அப்படி டிசைன் இல்லையேண்ணே. இருக்குறதப் பாத்து எடுத்துக்கங்க."

ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். எதைத் திறந்தாலும் சிங்கமே, தங்கமே, சரித்திரமே. புகழ்ச்சி கூடாது என்று நல்லுச்சாமி ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில் ஒன்றைப் பார்த்து முகம் மலர்ந்தார். "இதான்! நடுவுல பேரு. இந்தப் பக்கம் தோற்றம், அந்தப் பக்கம் மறைவு. ரெண்டு பக்கமும் விளக்கு. ஒரு வார்த்தை புகழ்ச்சி இருக்கா பாருங்க!"

மூன்றாம் நபர் சொல்ல வேண்டும் என்பதால் போர்டை மேலப்பாறை முக்கில் கட்டினார்கள். 'கண்ணீர் அஞ்சலி. வெள்ளெருக்கம்பட்டி. தோற்றம்: தெரியவில்லை.' மறைவுக்கு நேரே தேதி போடாமல் விட்டிருந்தார்கள், அதற்கும் சான்று இல்லை என்பதால்.

மறுநாள் மேலப்பாறையிலிருந்து இருபது பேர் மாலையோடு வந்து இறங்கினார்கள். "எத்தன மணிக்கு எடுக்குறீக?" என்று தணிந்த குரலில் கேட்டார்கள். எதை எடுப்பது என்று பவுன்தாயிக்குப் புரியவில்லை. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று மாலைகளை வாங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் போட்டு, ஆளுக்கொரு டீ கொடுத்து அனுப்பினாள்.

போர்டைப் படம் எடுத்து முத்திருளாண்டி களஞ்சியத்துக்கு அனுப்பினார். காவலன் உடனே பதில் போட்டார். "பதாகைகள் சான்று ஆகா. உங்கள் ஊருக்கு என் ஆழ்ந்த இரங்கல்."

இந்த நிலைமையில், பக்கம் என்ன ஆயிற்று என்று நேரிலேயே பார்த்துவிடத் தெய்வசிகாமணி கார் எடுத்து வந்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் ராக்கப்பனும் நல்லுச்சாமியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க, இது வெள்ளெருக்கம்பட்டிதானுங்களே?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க சொல்லக் கூடாதுங்கய்யா. நாங்க இந்த ஊர்க்காரவுக" என்றார் ராக்கப்பன். "சம்பந்தமில்லாத ஆள் சொன்னாத்தான் செல்லும். நேரா மூணு கிலோமீட்டர், மேலப்பாறையில விசாரிங்க."

அவர் மேலப்பாறைக்குப் போய் விசாரித்தார். டீக்கடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளெருக்கம்பட்டியா? போன வாரந்தான்யா தவறிப்போச்சு. நாங்கதான் மாலை போட்டுட்டு வந்தோம்" என்றார்.

வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவரை முத்திருளாண்டி வீட்டுக்கு அழைத்துப்போய் மோர் கொடுத்தார். மோர் உள்ளே போனதும் மனிதர் கொஞ்சம் தெளிந்தார். "ஊர் கிடக்கட்டுங்க. பொண்ணு எப்படிங்க?"

பெற்ற மகளைப் புகழ முத்திருளாண்டிக்கு நாக்கு துடித்தது. தங்கம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. விதி நினைவுக்கு வந்து அதை விழுங்கினார். "சமையல் பத்தி ரெண்டு கருத்து இருக்குங்க. நல்லா இருக்குன்னு அவ சொல்றா. வேற யாரும் அதை உறுதிப்படுத்தல. கோவம் வரும்னு ஒரு தரப்பு சொல்லுது, ரொம்ப வரும்னு இன்னொரு தரப்பு சொல்லுது."

லீவில் வந்திருந்த செவ்வந்தி நின்ற சமையல்கட்டிலிருந்து ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

தெய்வசிகாமணி தொடையில் தட்டினார். "எம்பையனுக்கு ஏழு இடம் பார்த்தாச்சுங்க. ஏழு அப்பனும் மகாலட்சுமின்னுதான் சொன்னாங்க. பொய் சொல்லாத சம்பந்தி நீங்க ஒருத்தர்தானுங்க. நாள் குறிச்சுப்போடலாம். ஆனா ஒண்ணு, தாலி கட்டுற நேரத்துல ஊருக்குப் பக்கம் இருக்கோணும். இல்லீன்னா நான் பையனைக் கூட்டிட்டுப் போயிருவனுங்க."

கல்யாணத்தை வெள்ளெருக்கம்பட்டியில் வைப்பதென்று பேசி, மாப்பிள்ளை வீட்டார் அழைப்பிதழ் அடித்தார்கள். அதில் ஊர்ப் பெயர் பொடி எழுத்தில் அழகாக இருந்தது. முத்திருளாண்டி அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். அச்சில் வந்திருக்கிறது, புகழ்ச்சி இல்லை, அடித்தவர்கள் பல்லடத்துக்காரர்கள்! உடனே களஞ்சியத்துக்கு அனுப்பினார்.

அன்று சாயங்காலம் காவலன் எழுதினார். "உங்களோடு எழுதி எழுதி எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. இதை அச்சிட்டவர்கள் உங்களுக்குத் தொடர்பில்லாதவர்கள் என்றால் ஏற்றுக்கொள்கிறேன்." பட்டை நீங்கியது. ஊர் இருந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து காய்ந்த மாலைகளைக் கழற்றினார்கள். ராக்கப்பன் மில் கதவைத் திறந்துவைத்தார். முத்திருளாண்டி அந்த ஒற்றை வரியை நாற்பது தடவை படித்துச் சந்தோஷத்தில் கண் கலங்கினார்.

கல்யாணத்தன்று நானூறு பேர் கூடியிருந்தார்கள். ஐயர் மாங்கல்யத் தட்டைச் சுற்றுக்கு விட்டு வாங்கி, தாலியை நவநீதன் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து நல்லுச்சாமி மேடைக்கு ஓடிவந்தார்.

"தம்பி, நிறுத்து! தாலி கட்டுனா இவுக நமக்குச் சம்பந்தி. சம்பந்தின்னா சொந்தம். சொந்தக்காரவுக அடிச்ச பத்திரிகை எப்படிய்யா செல்லும்?"

மேளம் நின்றது. முத்திருளாண்டி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். கட்டினால் சான்று போகும், சான்று போனால் பக்கம் போகும்.

"பக்கம் போச்சுன்னா ஊர் போச்சு. இல்லாத ஊர்ல எம்பையன் எப்படித் தாலி கட்டுவானுங்க?" என்று தெய்வசிகாமணி எழுந்துவிட்டார்.

"அப்ப கட்டாம இருந்துட்டா?" என்று ராக்கப்பன் யோசனை சொன்னார். "ஊர் நிக்கும்ல?"

"ஊர் நின்னு என்னண்ணே செய்ய? பிள்ள நிக்குதே மணவறையில!" என்றாள் பவுன்தாயி.

முகூர்த்தம் முடிய ஆறு நிமிஷம்தான் இருந்தது. முத்திருளாண்டி மகளைப் பார்த்தார். செவ்வந்தியின் கண்கள் நிறைந்திருந்தன. அழுகையால் கால்வாசி, கோபத்தால் முக்கால்வாசி. வாழ்க்கையில் முதல்முறையாகப் புத்தியை வெளியே எடுத்தார்.

"கல்யாணம் நடந்ததுக்குச் சான்று இருந்தாத்தான சொந்தம்?" என்று கத்தினார். "சான்றே இல்லாமக் கட்டிட்டா?"

சபை யோசித்தது. யோசித்த அத்தனை பேருக்கும் அது சரியாகப் பட்டது என்பதுதான் எங்கள் ஊரின் பெருமை. தெய்வசிகாமணியும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டுல இல்லீன்னா இல்லைதானுங்க" என்று ஒப்புதல் கொடுத்தார். போட்டோகிராபரை வெளியே அனுப்பினார்கள். வீடியோக்காரரைச் சமையல்கட்டில் வைத்துப் பூட்டினார்கள். பிறகு நானூறு பேரும் மணவறைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார்கள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொன்னார். மேளக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு குத்துமதிப்பாகக் கெட்டிமேளம் கொட்டினார். எல்லோரும் அட்சதையைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக எறிந்தார்கள். பாதி ஐயர் வாயில் விழுந்தது.

"கட்டியாச்சா?" என்று சுவரைப் பார்த்தபடி முத்திருளாண்டி கேட்டார்.

"ஆச்சுப்பா" என்றாள் செவ்வந்தி. குரலில் சிரிப்பு இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா, நான் பாக்கல" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். ஒரே மகளின் கல்யாணம், எப்படி அழாமல் இருப்பார்?

பந்தி போட்டார்கள். மாலையும் கழுத்துமாக இரண்டு பேர் முதல் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். முத்திருளாண்டி பாயச வாளியோடு வந்தார். மகள் கழுத்தில் எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வாங்க, வாங்க, எந்த ஊர்க்காரவுகளோ, நல்லாச் சாப்பிடுங்க" என்று உபசரித்தபடியே கொதிக்கிற பாயசத்தை ஒரு கரண்டி நிறைய எடுத்து நவநீதன் மடியில் ஊற்றினார்.

"ஐயோ, மாமா!" என்று அலறிக்கொண்டு அவன் எழுந்தான்.

பந்தியில் இருந்த அத்தனை பேரும் அந்த 'மாமா'வைக் கேட்காதது போலச் சாம்பார்க் கையோடு காதைப் பொத்திக்கொண்டார்கள்.