ஒன்பதாவது ஆடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர், எந்த வமிசம் என்று என்னைக் குடையாதீர்கள். பெயரைச் சொன்னால் அவருடைய கொள்ளுப்பேரன்கள் சண்டைக்கு வருவார்கள். ராஜா நல்லவர்தான்; ஆனால் சோம்பேறி. கெட்ட ராஜாவின் கோபத்துக்குக்கூடத் தப்பிவிடலாம், நல்ல ராஜாவின் சோம்பலுக்குத் தப்ப முடியாது என்பது என் கட்சி. ஏன் என்று கேளுங்கள்.

ஒரு நாள் சபையில் வரப்புத் தகராறு ஒன்று வந்தது. வாதி ஒன்று சொன்னான். பிரதிவாதி வேறு சொன்னான். சாட்சிகள் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். ராஜாவுக்கு மண்டை காய்ந்துவிட்டது. அன்று மாலை அவருடைய குலதெய்வமான கோட்டைக்காத்தாள் கோயிலில் கொடைத் திருவிழா. பலி ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பியது. “அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள்!” என்று கூட்டம் குலவையிட்டது.

அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. “என் காணிக்கையை ஏற்றுக்கொள்கிறாயா தாயே?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது பக்தி. ஆனால் ராஜாவின் புத்தி வேறு பக்கம் போயிற்று.

“மனிதன் பொய் சொல்வான். ஆடு பொய் சொல்லுமா?” என்றார். “இனிமேல் பெரிய வழக்குக்கெல்லாம் சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். குற்றவாளி இவன்தானா என்று அம்மனைக் கேட்போம். ஆடு சிலுப்பினால் கழுமரம்.”

“ஆகா! இதுவல்லவோ தர்மராஜ்யம்!” என்று முதலில் கைதட்டியவர் பிரதானி நரசிங்கர். அம்மனிடம் கேள்வி கேட்கும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். கேள்வி யார் கையில் இருக்கிறதோ பதிலும் அவர் கையில்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஆறு மாதத்தில் ஏழு வழக்குகள் வந்தன. ஏழு ஆடுகளும் சிலுப்பின. நடுவில் ஒரு கிழட்டு ஆடு மட்டும் அசையாமல் நின்றது. சிலுப்பும்வரை ஊற்றுவதுதானே கோயில் வழக்கம்? குடம் குடமாக ஊற்றினார்கள், அதுவும் சிலுப்பியது. ஆட்டுக்கு அரிவாள், ஆளுக்குக் கழு. ஏழு வீடுகளில் விளக்கு அணைந்தது.

அந்தச் சபையில் கொன்றையப்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. அதனாலேயே பிரதானிக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவனும் அப்பழுக்கற்றவன் இல்லை. முதல் ஆடு சிலுப்பியபோது கைதட்டியவர்களில் அவனும் ஒருவன். மூன்றாவது ஆட்டுக்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. விகடகவி என்றாலும் கழுத்து ஒன்றுதானே?

எட்டாவதாகச் சடையன் வந்தான். பெரிய ஏரியின் மடையைத் திறந்து மூடுகிற மடைக்காரன். ஐப்பசி மழையில் ஏரிக்கரை உடைந்து, மூன்று ஊர் நெல் தண்ணீரோடு போயிருந்தது. மடையைத் திறக்காமல் தூங்கிவிட்டான் என்பது அவன்மேல் பிரதானி வைத்த குற்றம்.

“நான் தூங்கல மகாராசா,” என்றான் சடையன். “கரை கசியுதுன்னு மூணு தடவ சொல்ல வந்தேன். பிரதானி ஐயா வாசல்லயே வெரட்டிட்டாங்க.”

“மனிதன் சொல்வதை இங்கே யாரும் கேட்கவில்லை,” என்றார் பிரதானி. அம்மன் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். “தாயே! ஏரி உடைந்தது இவனால்தான் என்றால் உத்தரவு கொடு!”

பூசாரி குடத்தைச் சாய்த்தார். ஆடு தலை முதல் வால் வரை சிலுப்பியது. அருகில் நின்ற கொன்றையப்பன் முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர். ஆறு மாதமாக அடக்கிவைத்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அடடா, என்மேலும் தெறித்துவிட்டதே! ஏரியை உடைத்ததில் எனக்கும் பங்கு உண்டோ?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரதானி இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார்.

“மகாராஜா! அம்மனின் உத்தரவைப் பரிகாசம் செய்கிறான்! இவனுக்கும் ஒரு கழு நட உத்தரவாக வேண்டும்!”

ராஜா சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது. அந்த ஆட்டைத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில் நகம் பட்டதும் வலித்தது.

“கொன்றையப்பா, சடையன் நிரபராதி என்று நினைக்கிறாயா?”

இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கொன்றையப்பன் சடையனைப் பார்த்தான்.

“ஆமாம், மகாராஜா.”

“அப்படியானால் நிரூபித்துக் காட்டு. நாளை உச்சிப்பொழுது வரை தவணை. ஆனால் அம்மன்மேல் ஒரு குறை சொல்லக் கூடாது. ஆட்டின்மேல் குறை சொல்லக் கூடாது. என் ஆணையின்மேலும் குறை சொல்லக் கூடாது. சொன்னாலும் சரி, நிரூபிக்காவிட்டாலும் சரி, நாளை இரண்டு கழு.”

வாயையும் கட்டி, கையையும் கட்டி, ஆற்றில் தள்ளி நீந்தச் சொன்ன கதைதான். பிரதானி மீசையைத் தடவிக்கொண்டார்.

கோயில் வாசலில் சடையனின் மனைவி பொம்மி நின்றிருந்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

“சாமி, எங்க வீட்டுலயும் ரெண்டு ஆடு நிக்குது. மழ பேஞ்சா தெனமும்தான் சிலுப்புது. அது யாரக் கழுவுல ஏத்தச் சொல்லுது?”

“நீ சொல்லலாம் தாயே. நான் சொல்லக் கூடாதாம்,” என்றான் கொன்றையப்பன்.

“அப்ப ஏரிக்கு வாங்க. வந்து கண்ணால பாருங்க.”

உடைந்த கரையில் மண்தான் இருந்தது. கல் இருந்த இடமெல்லாம் குழி. பொம்மி மடையடியில் மிஞ்சியிருந்த ஒரு கல்லைக் காட்டினாள். அதில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் செதுக்கியிருந்தது.

“கரையில வைக்கிற ஒவ்வொரு கல்லுலயும் மடக்காரங்க மீன் வெட்டுவாங்க, சாமி. ஏரிக்கல்லுனு அடையாளம். போன கோடையில வண்டி வண்டியா பேத்துக்கிட்டுப் போனாங்க. பிரதானி ஐயா வீட்டு மதில் அதுலதான் எந்திரிச்சுது. இத எம் புருசன் சபையில சொல்லிருவாருன்னுதான் இம்புட்டும்.”

கொன்றையப்பன் அந்த மீனை விரலால் தடவிப் பார்த்தான்.

பிரதானியும் சும்மா இருக்கவில்லை. விகடகவி என்ன செய்வான்? ஆட்டிடம் வேறு கேள்வி கேட்பான், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டார். மறுநாள் ஆட்டைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்தார். விடியற்காலையிலிருந்து அதைக் கோயில் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்திவைத்தார். நனைந்து நனைந்து மரத்துப்போன ஆடு எதற்குச் சிலுப்பும்? போதாக்குறைக்குப் பூசாரியைக் கூப்பிட்டு, “முதுகில் மட்டும் ஊற்று. காதுப் பக்கம் ஒரு சொட்டுப் போகக் கூடாது,” என்று எச்சரித்தார்.

உச்சிப்பொழுதில் கோயில் முன்னால் ஊரே திரண்டிருந்தது. இரண்டு கழுமரங்கள் நட்டிருந்தன. சடையனைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். கொன்றையப்பன் வந்து ராஜாவின் காலில் விழுந்தான்.

“மகாராஜா, அம்மன் பொய் சொல்லமாட்டாள். ஆடு பொய் சொல்லாது. தங்கள் ஆணை தவறாது. மூன்றையும் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன்.”

கூட்டம் திகைத்தது. பொம்மி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

“இவ்வளவு நம்பிக்கை உள்ளவனுக்கு அம்மனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி கிடைக்குமா?”

ராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி தாராளமாகத் தலையசைத்தார். சடையன் நிரபராதியா என்று கேட்பான், ஆடு அசையாது, ஒரே வேளையில் இரண்டு வேலை முடியும் என்பது அவர் நினைப்பு.

கொன்றையப்பன் அம்மன் முன் கைகூப்பினான்.

“தாயே! ஏரிக்கரைக் கல்லைப் பெயர்த்துத் தன் மாளிகைக்கு மதில் கட்டியவர் எங்கள் பிரதானி நரசிங்கர்தான் என்றால், உத்தரவு கொடு!”

பிரதானியின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

பூசாரி குடத்தைச் சாய்த்தார். ஆடு அசையவில்லை. இரண்டாவது குடம். அசையவில்லை. மூன்றாவது குடத்துக்கு ஆடு கண்ணை மூடிக்கொண்டது.

“அம்மன் ‘இல்லை’ என்கிறாள்!” என்று சிரித்தார் பிரதானி. போன உயிர் அவருக்குத் திரும்ப வந்திருந்தது. “இன்னும் என்ன தாமதம்? இருவரையும் ஏற்றுங்கள்.”

காவலர்கள் கொன்றையப்பனின் தோளைப் பிடித்தார்கள். அவன் ஆட்டைப் பார்த்தான். அதன் முழங்காலில் குளத்துப் பாசி ஒட்டியிருந்தது. பூசாரியின் கையைப் பார்த்தான். குடம் முதுகுக்கு மேலேயே நின்றது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் ஆட்டைக் குறை சொல்லக் கூடாதே!

“பூசாரியாரே, நேற்று சடையனுக்காக ஊற்றினீர்களே, அப்போது எங்கே ஊற்றினீர்கள்?”

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார்.

“இதை ஏன் கேட்கிறாய்?” என்றார் ராஜா.

“நேற்று ஊற்றியதுபோலவே இன்றும் ஊற்ற வேண்டும், மகாராஜா. ஏழை என்றால் ஒரு விதம், பிரதானியார் என்றால் ஒரு விதம் என்று ஊர் தப்பாகப் பேசிவிடக் கூடாது பாருங்கள். அம்மனின் மரியாதை என்ன ஆவது?”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ராஜாவின் புருவம் நெரிந்தது.

“பூசாரி! நேற்றுப்போலவே ஊற்று.”

“மகாராஜா, மூன்று குடம் ஊற்றியாயிற்றே...” என்று பிரதானி ஆரம்பித்தார்.

“ஊற்று என்றேன்!”

பூசாரி குடத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிரதானிக்குப் பயப்படுவதா, ராஜாவுக்குப் பயப்படுவதா? கடைசியில் கை தன் பழக்கத்துக்கே போயிற்று. ஆட்டின் காதோரம் குடத்தைச் சாய்த்தார்.

ஆடு கொம்பிலிருந்து வால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பிரதானியின் பட்டு அங்கவஸ்திரம் முழுக்க மஞ்சள்.

யாரும் குலவையிடவில்லை. ராஜா மெல்ல எழுந்தார்.

“பிடியுங்கள் பிரதானியை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். கழுவில் ஏற்றுங்கள்.”

காவலர்கள் கொன்றையப்பனை விட்டுவிட்டு அவரைப் பிடித்தார்கள். கழுமரத்தை அவ்வளவு கிட்டத்தில் பிரதானி அன்றுதான் பார்த்தார்.

“மகாராஜா! இது என்ன அநியாயம்!” என்று அலறினார். “காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பத்தானே செய்யும்! ஆட்டுக்கு என்ன தெரியும்?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

கொன்றையப்பன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விரல் சந்து வழியாக, “மகாராஜா, இதை நான் சொல்லவில்லை,” என்றான்.

ராஜா அவனைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், மஞ்சள் வழிய நின்ற பிரதானியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே வந்து சடையனின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தார். பொம்மி ஓடிவந்து புருஷனைக் கட்டிக்கொண்டாள்.

“இவரை என்ன செய்யலாம்?” என்று பிரதானியைக் காட்டிக் கேட்டார் ராஜா.

“ஆட்டின் பேச்சைக் கேட்டுக் கழுவேற்ற வேண்டாம், மகாராஜா. ஆள் அனுப்பி அவர் மதிலைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லில் ஏரிக்கல் அடையாளமான மீன் இருந்தால் விசாரியுங்கள். சாட்சிகளைக் கூப்பிடுங்கள். நாலு பேர் நாலு விதமாகத்தான் சொல்வார்கள். தலை வலித்தாலும் கேளுங்கள்.”

பொழுது சாய்வதற்குள் ஆட்கள் திரும்பி வந்தார்கள். மதிலின் உட்பக்கச் சுண்ணாம்பைச் சுரண்டிய இடமெல்லாம் மீன். விசாரணை முறைப்படி ஒன்பது நாள் நடந்தது. ராஜா ஒரு நாள்கூடச் சபையில் கண்ணயரவில்லை. மதிலைப் பிரித்து, கல்லைத் தன் தலையிலேயே சுமந்து கொண்டுபோய்க் கரையில் சேர்க்க வேண்டும் என்று பிரதானிக்குத் தீர்ப்பாயிற்று. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. நான் சொல்லவந்தது, ஆட்கள் மீனோடு திரும்பிய அந்தச் சாயங்காலத்தைப் பற்றி.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கொன்றையப்பன் கழுத்தில் போட்டார். “இன்னும் என்ன வேண்டும், கேள்!”

“இந்த ஆடு, மகாராஜா. அரிவாளுக்குக் கொடுக்காமல் உயிரோடு.”

“ஆட்டை வைத்துக்கொண்டு நீயும் தீர்ப்புச் சொல்லப்போகிறாயா?” என்று ராஜா மறுபடி சிரித்தார். “எடுத்துக்கொள். இது எட்டாவது ஆடல்லவா?”

“ஒன்பதாவது, மகாராஜா. எட்டாவது சடையனுக்குச் சிலுப்பியது.”

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது.

“அப்படியானால் முதல் ஏழு?”

ஆடு மட்டும் தும்மியது.

“நீ ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று கேட்டார் ராஜா.

விகடகவிக்கு எத்தனையோ பதில் வாயில் வரும். அன்று உண்மைதான் வந்தது.

“பயம், மகாராஜா. முதல் ஆட்டுக்கு நானும் கைதட்டினேன்.”

ராஜா சன்னதியைப் பார்த்தார். பிறகு ஆட்டைப் பார்த்தார்.

“என்னை மன்னிப்பாளா என்று அம்மனைக் கேட்கலாமா, கொன்றையப்பா?”

“கேட்கலாம், மகாராஜா. ஆனால் தண்ணீர் ஊற்றாமல் கேளுங்கள்.”

ராஜா கிரீடத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு அம்மன் முன்னால் போய் நின்றார். ஆட்டையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். அதன் உடம்பு காய்ந்திருந்தது. தோரணத்தில் தொங்கிய வேப்பிலையை எட்டிப் பிடித்து அது மென்றுகொண்டிருந்தது. ராஜா கேட்டார். ஆடு அசையவில்லை. கொஞ்சநேரம் கழித்து மறுபடி கேட்டார். அது அடுத்த இலைக்குப் போயிற்று.

ராஜா வெளியே வந்தார். பல்லக்கு வேண்டாம் என்று கையசைத்தார்.

“முதல் வீடு எது?” என்று கேட்டார்.

கொன்றையப்பனுக்கு ஏழு வீடும் தெரிந்திருந்தது. ஆட்டுக்கயிற்றைப் பொம்மியின் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான்.