மூன்றாவது தடவை

“மூணு தடவை எடுத்தேன் டீச்சர். கடைசித் தடவை அவங்க அழவே இல்ல.”

ஜெபஷீபா கொண்டுவந்த புகார் இதுதான்.

அவள் பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டு வருடமாக ஊடகம் என்று ஒரு பாடம் நடக்கிறது. கணக்கு வராத பிள்ளைகளை அதில் தள்ளிவிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஜெபஷீபாவுக்குக் கணக்கு நன்றாகவே வரும். அவள்தான் அடம்பிடித்து இதில் சேர்ந்தாள். அவளுடைய அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். படம் நன்றாக அமைந்துவிட்டால் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் படம் எடுத்தது பேச்சித்தாயை. போன வருட வெள்ளத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். கழுத்தளவுத் தண்ணீரில் ஆடுகளை அவிழ்த்துவிடப் போனார் அந்த மனுஷன். இரண்டு ஆடும் நீந்திக் கரையேறின. அவர் வரவில்லை.

பாடம் எடுப்பவர் சண்முகவடிவு டீச்சர். செய்திச் சேனலில் பத்து வருடம் ஓடியாடிவிட்டு இங்கே வந்தவர். நல்ல வேலையை ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால் முதுகுவலி என்பார். முதுகில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

“முதல் தடவை என்னாச்சு?” என்று கேட்டார் டீச்சர்.

“நெஞ்சே வெடிச்சிரும்போல அழுதாங்க டீச்சர். நான்தான் மைக்கை ஆன் பண்ண மறந்துட்டேன்.”

“ரெண்டாவது?”

“முகத்துல வெளிச்சம் இல்ல. அப்புறம் ஸ்டூலை வாசல்ல போட்டு உக்கார வச்சேன். மூணாவது தடவை வெளிச்சம், சத்தம் எல்லாம் சரியா வந்துச்சு. ஆனா பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்றாங்க.”

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

“அழ வைக்கணும்னா என்ன கேள்வி கேக்கணும் டீச்சர்?”

இப்படிக் கேட்டதால் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். தெருவில் அடிபட்டுக் கிடந்த நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

டீச்சர் எழுந்தார். அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினார். எதிரே ஒரு நாற்காலியைப் போட்டார்.

“உக்காரு. உங்க அப்பாவைக் கடைசியாப் பாத்ததைச் சொல்லு.”

ஜெபஷீபாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா போய் ஏழு வருடம் ஆகிறது. அந்தக் காலையைப் பற்றி அவள் அம்மாவிடம்கூட வாய் திறந்ததில்லை.

இருந்தாலும் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். உட்கார்ந்தாள்.

அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டாள். அப்பா பெயிண்டர். வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளி கேட்டுக்கே வந்துவிட்டார். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. அதில் வெள்ளை வெள்ளையாகப் பெயிண்ட். கூட நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் பாக்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடந்தாள். பின்னாலிருந்து அப்பா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் அவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார்.

லுங்கி என்று வந்த இடத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் காத்திருந்தார். அவள் முடித்த பிறகு கேமராவைக் குனிந்து பார்த்தார்.

“மைக் ஆன் பண்ணல. திரும்பச் சொல்லு.”

ஜெபஷீபாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் பேச்சித்தாயிடம் அவளும் இதே குரலில்தான் சொல்லியிருந்தாள். மறுபடியும் ஆரம்பித்தாள். இந்தத் தடவை லுங்கியைத் தாண்டிப் போக முடிந்தது.

“முகத்துல வெளிச்சம் இல்ல. ஜன்னல் பக்கமாத் திரும்பி உக்காரு. இன்னொரு தடவை.”

திரும்பி உட்கார்ந்தாள். முகத்தைச் சற்று உயர்த்திக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை, அதுவாக வந்தது. அப்பா கூப்பிட்டாங்க என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, நான் திரும்பிப் பாக்கல என்றாள். அங்கே நிறுத்தியது நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று அவளுக்கும் தெரிந்தது.

பச்சைக் கட்டம் போட்ட லுங்கி என்றும் சொன்னாள். ஆனால் லுங்கி கண்ணுக்குள் வரவில்லை.

பேச்சை நிறுத்தினாள். கண்ணை மூடிப் பார்த்தாள். பள்ளி கேட் வந்தது. சைக்கிள் வந்தது.

“டீச்சர், அப்பா வர மாட்டேங்காங்க.”

டீச்சர் கேமராவை அணைத்தார். நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

“நான் எத்தனை பேரைத் திரும்பச் சொல்ல வச்சிருப்பேன்னு எனக்கே தெரியல” என்றார்.

“திரும்ப வருவாங்களா டீச்சர்?”

“தெரியல. எங்கிட்ட யாரும் வந்து சொன்னதில்ல.”

மறுநாள் சனிக்கிழமை. ஜெபஷீபா கேமராவை எடுத்துக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு பேச்சித்தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். மன்னிச்சிருங்கக்கா, இனி அதைச் சொல்லச் சொல்லி உங்களைக் கேக்க மாட்டேன், அந்தப் படத்தை நான் கொடுக்கப்போறதில்ல. இதைத்தான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தாள். சென்னைக் கல்லூரி கைவிட்டுப் போய்விடும். அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் நடந்தாள்.

பேச்சித்தாய் வீட்டுக்கு வெளியே ஆடுகளுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள். அதே இரண்டு ஆடுகள்தான். தெருமுனையில் ஜெபஷீபாவைப் பார்த்ததும் குழையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் ஸ்டூல் இருந்தது.

வாசலில், அன்று வைத்த அதே இடத்தில் அதைப் போட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். உட்கார்ந்து வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா, நான் அதுக்கு வரல” என்றாள் ஜெபஷீபா.

“அன்னைக்குப் போகும்போது உன் முகம் வாடிப்போச்சு பிள்ள. எனக்கு மனசே கேக்கல” என்றாள் பேச்சித்தாய். “இன்னைக்கு அழுதுருவேன். ஆரம்பிக்கட்டா?”