கூடையில் நிற்கிற பந்து

எங்கள் ஓலைப்பாளையத்துக்கு ஒரு கூடைப்பந்து அணி உண்டு. மொத்தம் ஐந்து பேர். ஐவரின் மூளையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு கோழிக்குப் பத்தாது. இந்த அணிக்குக் கேப்டன் நான்தான்.

பழைய பந்து முள்ளில் ஏறிச் செத்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரோடு ஆட்டம். தோற்றால் மைதானத்தில் மஞ்சள் காயப்போட்டுவிடுவேன் என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார். எங்களுக்கென்று இருந்தது அந்த மைதானம், அதில் ஒற்றைக் கம்பம், கம்பத்தின் மேல் ஒரு ரிங். அதுவும் போனால் நாங்கள் எங்கே போய் நிற்பது?

டிரில் மாஸ்டர் சென்னியப்பன் எங்களைக் கூப்பிட்டார். "ரிங்குக்குப் பொருத்தமானதாப் பாத்து வாங்குங்கடா. தோள் உசரத்துல இருந்து விட்டா இடுப்பு வரைக்கும் எந்திரிக்கோணும்" என்றார்.

குண்டாவுக்கு மூடி வாங்கப் போனால் குண்டாவைக் கையோடு கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கம். ஆகவே ரிங்கைக் கழற்றிக்கொண்டு ஈரோட்டுக்கு பஸ் ஏறினோம்.

கடைக்காரர் ஒரு பந்தை எடுத்துக் கொடுத்தார். எங்களில் நெட்டையன் பொங்கியண்ணன் அதைத் தன் தோளிலிருந்து விட்டான். பக்கத்தில் நின்ற குள்ளன் நாச்சிமுத்துவின் நெஞ்சு வரை எழும்பியது.

"ரொம்பத் துள்ளுதுங்க" என்றேன்.

நாச்சிமுத்து தன் தோளிலிருந்து விட்டான். பொங்கியண்ணனின் தொடையோடு நின்றுவிட்டது.

"இப்பப் பத்தலைங்க."

"தோளும் இடுப்பும் ஒரே ஆளோடதாப் பாக்கோணுங்க" என்றார் கடைக்காரர்.

"அதெப்படிங்க? ஆடறது அஞ்சு பேரு. ஒருத்தனுக்கு மட்டும் பாத்தா மத்தவங்க மனசு நோவாதுங்களா?"

நான் ரிங்கைப் பிடித்துக்கொள்ள, பொங்கியண்ணன் பந்தை அதில் வைத்தான். பொத்தென்று கீழே விழுந்தது.

"பாத்தீங்களா, நிக்கவே மாட்டேங்குது."

"ஏனுங்க, விழுந்தாத்தானுங்க பாயின்ட்டு!"

நாச்சிமுத்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "அண்ணா, குண்டாவுக்குள்ள விழுகற மூடிய நீங்க வாங்குவீங்களா?"

கடைக்காரரை மடக்கிவிட்ட பெருமையில் கடையில் இருந்த பந்தையெல்லாம் வைத்துப் பார்த்தோம். எல்லாம் விழுந்தது. கடைசியாக, மேல் தட்டில் இருந்த ஒரு பெரிய நீலப் பந்து ரிங்கின் மேல் ஜம்மென்று உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை.

"அது மேல உக்காந்து எக்சர்சைஸ் பண்ற பந்துங்க" என்று கெஞ்சினார் கடைக்காரர். நாங்கள் காதிலேயே வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரிங்கை மறுபடி மாட்டினோம். நீலப் பந்தைப் பார்த்து எதிரணி விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் யார் மைதானமோ அவர்கள் பந்து என்பதுதான் எங்கள் பக்கத்து விதி. விசில் ஊதியதும் பொங்கியண்ணன் எம்பிப் போட்டான். பந்து ரிங்கில் போய் உட்கார்ந்துகொண்டது. சென்னியப்பன் மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நடுவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "கூடையிலதா இருக்குது. இல்லைன்னு சொல்ல முடியாது" என்று இரண்டு பாயின்ட் கொடுத்தார்.

எதிரணிக்காரன் ஒருவன் பந்தைத் தள்ளிவிட மூங்கில் கழியோடு வந்தான். நாச்சிமுத்து ஓடிப்போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டான்.

"கை வெக்காதீங்க! பந்து இன்னும் கூடையிலதான் இருக்குது. இருக்கற வரைக்கும் பாயின்ட்டு ஏறிக்கிட்டேதான் இருக்கோணும்!"

எவ்வளவு நியாயமான பேச்சு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐவரும் கம்பத்தைச் சுற்றி நின்றுகொண்டோம். எதிரணி சாயங்கால பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தது. பந்து இறங்காததால் ஆட்டம் முடியவில்லை. ஆட்டம் முடியாததால் தலைவரும் மஞ்சளை வேறு களத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

பாயின்ட் ஏறிக்கொண்டே இருக்கிறது. முறைபோட்டு எண்ணுகிறோம். நேற்று என் முறை வந்தபோது கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எத்தனை விட்டுப்போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. எதிரணிக்கு அநியாயம் ஆகிவிடக் கூடாதே என்று மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறோம்.