தனி உலை

“சாமி, உங்க மாவு வேலை செய்யல.”

வெயிலில் நடந்து வந்த மாசிலாமணி, உட்காருவதற்கு முன்பே சொன்னான். தாடி நரைத்த பிறகு சீடனாக வந்தவன் அவன். குரு வைத்தியம் பார்க்கிறவர்.

கல் உடைக்கிற சனங்களின் ஊரில் ஒரு குழந்தை. பேர் சிட்டு. வயது இரண்டு முடிந்தும் எழுந்து நிற்கவில்லை. கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் குடம்.

முளைகட்டிய கேழ்வரகும் பயறும் கடலையும் வறுத்து, ஓமம் சேர்த்து, குருவே திரித்த மாவு அது. சிட்டுவுக்காக மாசிலாமணிதான் பை பையாகக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தான்.

“பை தீருதா?”

“தீருது சாமி. பிள்ளைதான் தேறல.”

“அப்ப மாவு யாருக்கோ வேலை செய்யுது.”

“பெத்தவ சரியில்ல சாமி. பேர் செம்பாயி. பிள்ளைக்குத் தனியாக் காய்ச்சிக் கொடுன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றேன். தலைய தலைய ஆட்டுறா. அக்கறை இல்லாதவ.”

குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

உச்சிவேளைக்கு அந்த வீட்டில் இருந்தார்கள்.

செம்பாயியின் மாமியார் ஒச்சாயி தடுக்கு போட்டாள். இருவர் முன்னாலும் கலயம் நிறையக் கூழ் வைத்தாள். மாசிலாமணி ஒரே மூச்சில் குடித்தான். அடியில் ஒட்டியதை விரலால் வழித்து நக்கினான்.

“உங்க கைமணம் யாருக்கும் வராது ஆத்தா.”

“வாரப்பெல்லாம் இதத்தான் சொல்றாரு,” என்று ஒச்சாயி குருவிடம் சிரித்தாள். “ஒரு நாளாவது வயிறு நெறஞ்சதுன்னு சொல்றாரா பாருங்க.”

பிறகு செம்பாயியின் புருசன் காளையனும் அவன் தம்பியும் குடித்தார்கள். கல்தூசி அப்பிய கைகள். அதற்குப் பிறகு தம்பியின் பையன்கள். அப்புறம் ஒச்சாயி.

செம்பாயி பானை ஓரத்தில் நின்றாள். இடுப்பில் சிட்டு. அது அழவில்லை. அழுகிற பருவத்தைத் தாண்டியிருந்தது.

குருவின் கலயம் அப்படியே இருந்தது.

“பிள்ளை சாப்பிடலயா?”

“அது கைப்பிள்ளை சாமி. ஆத்தாளோட சாப்பிடும்.”

“ஆத்தா எப்ப சாப்பிடுவா?”

“மருமக எப்ப சாப்பிடுவா?” ஒச்சாயிக்கு அது வேடிக்கையான கேள்வி. “எல்லாருக்கும் ஊத்தின பொறவுதான்.”

செம்பாயி பானையைச் சாய்த்தாள். அகப்பையால் சுரண்டினாள். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசினாள். அதைத்தான் குழந்தையின் வாயில் வைத்தாள்.

“தனியாக் காய்ச்சச் சொன்னானே, ஏம்மா செய்யல?”

அவள் தலையை ஆட்டினாள். பதில் காளையனிடமிருந்து வந்தது.

“ஒரு கூரைக்குள்ள ரெண்டு உலையா? பாகம் பிரிஞ்ச வீட்டுலதான் சாமி தனி உலை ஏறும். இவ இன்னிக்கு வச்சா, நாளைக்குத் தம்பி பொண்டாட்டி வைப்பா. அப்புறம் தம்பி எனக்கில்ல. கல்லு வேலை ஒத்தை ஆளுக்கு ஆகாது. ஒருத்தன் உளி பிடிக்கணும், ஒருத்தன் அடிக்கணும்.”

“அப்ப மாவு?”

“எல்லாம் ஒரே பானைதான்.”

குரு தன் கலயத்தை எடுத்துச் சிட்டுவிடம் நீட்டினார்.

குழந்தையின் கை நீண்டது.

செம்பாயி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

“விருந்தாளி கலயத்துல இருந்தா?” என்றாள் ஒச்சாயி. “நாங்க அவ்வளவு கெட்டுப்போகல சாமி. நீங்க குடிங்க.”

செம்பாயியின் பிடிக்குள் அந்த விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

“மாசிலாமணி.”

“சாமி.”

“உன் கலயத்த மோந்து பாரு.”

மோந்து பார்த்தான்.

ஓமம்.

“மிச்சம் இருக்கா?” என்று அவனிடம் கேட்டார் குரு.